விக்கிரவாண்டி டோல்கேட்டும் கூத்தைப்பார் பாரவண்டிகளும்

வெளியூர்க்காரர்களுக்கு விக்கிரவாண்டி என்றால் டோல்கேட். பொங்கல், தீபாவளி சமயத்தில் டிவியில் நம்ம ஊர் பெயர் வருவதே அந்த வரிசையால்தான். போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்து அதே வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். பக்கத்து சீட்டில் சித்தப்பா. ராணுவத்தில் ஏ.எஸ்.சி. டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். பெங்களூரு ஏ.எஸ்.சி. சென்டரில் பயிற்சி எடுத்து, வண்டி ஓட்டியதெல்லாம் நாகாலாந்திலும் காஷ்மீரிலும்.

எங்களுக்கு முன்னால் ஆறேழு பச்சை லாரிகள் ஒட்டி ஒட்டி நின்றிருந்தன. சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாடா இது, கேப்பே இல்லாம நிக்கிறானுங்க. எங்க காலத்துல இப்படி நின்னா பின்னால வர்ற ஜே.சி.ஓ. கிழிச்சிடுவாரு."

"இது விக்கிரவாண்டி சித்தப்பா. இங்க யாரு வந்து அடிக்கப் போறா?"

"அடிக்கிறவன் சொல்லிட்டா வருவான்?"

அதோடு பேச்சு முடிந்தது, வரிசையும் நகர்ந்தது. ஆனால் "இங்க யாரு அடிக்கப் போறா" என்று நான் கேட்டது எனக்கே உறுத்தியது. ஏனென்றால் இதே விக்கிரவாண்டியில் 1752-ல் ஒரு ஆங்கிலப் படை வசமாக அடி வாங்கியது. நானே இங்கே அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். (அந்தக் குறிப்பில் தேதிக் குழப்பம் இருந்தது. ஆங்கிலேயர் அந்த ஆண்டு செப்டம்பர் வரை பழைய நாட்காட்டி, பிரெஞ்சுக்காரர்கள் புதியது. இடையில் 11 நாள் வித்தியாசம். ஆங்கிலக் கணக்கில் ஜூலைக் கடைசி, பிரெஞ்சுக் கணக்கில் ஆகஸ்ட் முதல் வாரம். இரண்டும் ஒரே சண்டைதான். திருத்திவிட்டேன்.)

விக்கிரவாண்டிச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடிக்க வேண்டும் என்று நவாப் முகமது அலி நச்சரிக்க, சென்னை கவர்னர் சாண்டர்ஸ் ஒப்புக்கொண்டார். படைத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் வேண்டாம் என்றார், யாரும் கேட்கவில்லை. மேஜர் கினியர் என்பவர் தலைமையில் படை போனது. சுமார் 1500 சிப்பாய்கள், கொஞ்சம் ஐரோப்பியர், நவாபின் குதிரைகள். கினியர் சீமையிலிருந்து வந்து இறங்கி அதிக நாள் ஆகாதவர். செஞ்சி மலையைப் பார்த்ததும் இது நம்மால் ஆகிற வேலை இல்லை என்று புரிந்துவிட்டது. அதற்குள் டூப்ளேயின் மருமகன் கெர்ழான் புதுச்சேரியிலிருந்து வந்து விக்கிரவாண்டியில் உட்கார்ந்துகொண்டார். அதாவது கினியருக்குப் பின்னால், அவர் திரும்பிப் போகிற வழியில்.

கெர்ழான் செய்தது ஒரு சின்னத் தந்திரம். சண்டை நடக்கும்போதே பீரங்கியை நிறுத்திவிட்டுப் பின்வாங்குவது போலக் காட்டினார். ஆங்கிலப் படை நம்பி முன்னேறியது, மாட்டிக்கொண்டது. கினியருக்குக் காயம். அந்த அவமானத்திலிருந்து அவர் மீளவே இல்லை, சீக்கிரமே இறந்துபோனார். ஒரே மாதத்தில் லாரன்ஸ் பாகூரில் கெர்ழானைத் தோற்கடித்துக் கணக்கைத் தீர்த்தது தனிக் கதை.

எனக்கு அப்போதே தோன்றிய கேள்வி வேறு. கெர்ழான் ஏன் செஞ்சிக்குப் போகாமல் விக்கிரவாண்டிக்கு வந்தார்? சாலை. அன்றைக்கும் இந்த ஊரின் மதிப்பு சாலையில்தான் இருந்தது. கர்நாடகப் போர்களை நாம் ஆற்காடு முற்றுகை, வந்தவாசி என்று கோட்டையும் களமுமாகப் படிக்கிறோம். அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தின் பாதிச் சண்டை அரிசி வண்டிக்காக நடந்தது. திருச்சிராப்பள்ளியைப் பற்றிப் படித்தால் இது பளிச்சென்று தெரியும்.

1753, 54-ல் லாரன்ஸ் திருச்சியில் இருந்தார். நகரத்தைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் உள்ளே தின்ன ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கம் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், மைசூர்ப் படை, முராரி ராவின் மராட்டியக் குதிரைகள். வெளியிலிருந்து அரிசி வர ஒரே வழி கிழக்கே தஞ்சாவூர்ச் சீமை, தெற்கே தொண்டைமான் காடு. திருக்காட்டுப்பள்ளியில் தானியத்தைச் சேர்ப்பார்கள், வண்டிகளிலும் பொதி மாடுகளிலும் ஏற்றுவார்கள், நூறு நூற்றைம்பது ஐரோப்பியர், சில நூறு சிப்பாய்கள் காவலோடு கொண்டு வருவார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படிப் பல நடை பத்திரமாக வந்து சேர்ந்தது. யாரும் தொடவில்லை.

தொடவில்லை என்பதுதான் ஆபத்து. என் தொழிலில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறேன். எட்டு முறை ஓடின ஸ்கிரிப்டை ஒன்பதாவது முறை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

1754 பிப்ரவரி நடுவில் வந்த தொடர், முன்பு வந்த எல்லாவற்றையும்விடப் பெரியது. அரிசியோடு வெடிமருந்துச் சாமான்களும் ஏழாயிரம் பவுன் ரொக்கமும். காவலுக்கு 180 ஐரோப்பியர், 800 சிப்பாய்கள், 4 பீரங்கி. ஐரோப்பியரில் பெரும்பங்கு கிரெனடியர்கள். பொன்மலையிலும் சர்க்கரைமலையிலும் (ஆங்கிலேயர் வைத்த பெயர் சுகர்லோஃப்) முந்தைய வருடம் லாரன்ஸுக்கு வெற்றி தேடித்தந்த ஆட்கள் இவர்கள்தான். அப்போது இந்தியாவில் இருந்த ஐரோப்பியப் படைகளிலேயே சிறந்த கூட்டம் என்று ராபர்ட் ஓர்ம் தன் வரலாற்றில் எழுதுகிறார். தலைமை கேப்டன் கிரென்வில்.

எதிரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரவோடு இரவாக 12,000 குதிரைகள், 400 பிரெஞ்சுக்காரர்கள், பீரங்கிகள், ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள். இத்தனை பேரும் ஓர்ம் "கூட்டபாரா" என்றும் "எலிமிசேரம்" என்றும் எழுதும் இரண்டு இடங்களுக்கு இடையே போய்ப் படுத்துக்கொண்டார்கள். எலிமிசேரம் என்பது திருவெறும்பூர். எறும்பீஸ்வரர் கோயில் மலை, எறும்பீஸ்வரம். வெள்ளைக்காரன் நாக்கில் எறும்பு எலியாகிவிட்டது! கூட்டபாரா பக்கத்திலேயே இருக்கும் கூத்தைப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்று பெல் டவுன்ஷிப் இருக்கிற பக்கம்.

காலையில் தொடர் கிளம்பியது. முந்தைய நாள் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் இன்றும் நடக்காது. தூரத்தில் குதிரைகள் தெரிய ஆரம்பித்தன. லாரன்ஸ் கொடுத்திருந்த உத்தரவு தெளிவானது: எதிரி தென்பட்டால் வசதியான ஒரு இடத்தைப் பிடித்து நில், திருச்சியிலிருந்து உதவி வரும்வரை காத்திரு. கிரென்வில் அப்படிச் செய்யவில்லை. வண்டித் தொடரின் இருபுறமும் ஆட்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து, நீளத்துக்கும் பரப்பி நடக்கவிட்டார்.

இதை நான் முதலில் படித்தபோது நியாயமாகத்தான் பட்டது. வண்டிகளைக் காப்பாற்ற வந்தவன் வண்டி பக்கத்தில் நிற்காமல் எங்கே நிற்பான்? பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். எத்தனை வண்டி என்று நானே ஒரு எண்ணை வைத்துக்கொள்கிறேன், 300. மாடு, வண்டி, இடைவெளி சேர்த்து ஒன்றுக்கு 10 மீட்டர். மொத்தம் 3 கிலோமீட்டர். 180 ஐரோப்பியரை இரண்டு பக்கமாகப் பிரித்தால் பக்கத்துக்கு 90 பேர், 33 மீட்டருக்கு ஒருவர். சிப்பாய்களையும் சேர்த்தால்கூட ஆறு மீட்டருக்கு ஒருவர். பாய்ந்து வரும் குதிரை விநாடிக்கு 10 மீட்டர் கடக்கும். அந்தக் காலத் துப்பாக்கி 100 மீட்டருக்குள் வந்தால்தான் குறி பார்த்துச் சுடப் பிரயோசனம். ஆக 10 விநாடி. மறுபடி குண்டு போட்டுக் கெட்டிக்க, பழகிய கைக்கே 15 முதல் 20 விநாடி. ஒரே ஒரு வெடி, அவ்வளவுதான். 12,000 குதிரையும் ஒரே இடத்தில் பாய வேண்டியதில்லை, எங்கே பாய்ந்தாலும் அங்கே ஆறேழு பேர்தான் இருப்பார்கள்.

அப்படியே நடந்தது. முராரி ராவும் இன்னிஸ் கானும் கூச்சலோடு பாய்ந்தார்கள். மைசூர்க் குதிரைகளோடு அன்று ஹைதர் அலியும் இருந்தார், இன்னும் பெரிய ஆள் ஆகாத ஹைதர். சிப்பாய்கள் பலர் துப்பாக்கியைப் போட்டுவிட்டார்கள். கிரெனடியர்கள் கூடி நிற்க நேரமில்லாமல் தனித்தனியாகச் சண்டை போட்டார்கள். ஆற்காடு முற்றுகையில் கிளைவோடு இருந்த ரெவல் என்ற இளம் அதிகாரி, சுற்றி இருந்த பீரங்கிக்காரர்கள் வெட்டுப்பட்டு விழ, ஓடாமல் ஒரு பீரங்கியின் பற்றுத்துளையில் ஆணி அடித்து அடைத்துவிட்டு அப்புறம் செத்தார். எதிரி அதை உடனே திருப்பிச் சுடக்கூடாது என்று. பிரெஞ்சுக்காரர்கள் வந்து மராட்டியரைத் தடுத்ததால்தான் மிச்சப்பேர் உயிரோடு பிடிபட்டார்கள். ஐரோப்பியரில் 50 பேர் சாவு, 138 பேர் கைதி, அதிலும் 100 பேர் காயத்தோடு. அதிகாரிகளையும் சேர்த்தால் போன 188 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அரிசி, பணம், மருந்து எல்லாம் போயிற்று.

800 சிப்பாய்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று இந்தக் கணக்கில் இல்லை. வண்டிக்காரர்கள் எத்தனை பேர் என்பதும் இல்லை. படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் இங்கே கொஞ்சம் நின்றுவிடுகிறேன். அந்த வண்டிகளை ஓட்டியவன் நம்ம தஞ்சாவூர்க்காரன். அவனுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது, கையில் தார்க்குச்சி மட்டும்.

இதிலிருந்து லாரன்ஸ் என்ன கற்றுக்கொண்டார்? இந்த இடத்தில் முகமது யூசுப் கான் வருகிறார். நம் பள்ளிப் புத்தகங்களில் கான் சாகிப், மருதநாயகம். ராமநாதபுரம் பனையூர்க்காரர். 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கில் தொங்கியதால் அவரைப் புரட்சியாளராக மட்டும் பேசுகிறோம். கமல் படம் வேறு பாதியில் நின்றுவிட்டது. ஆனால் 1754-ல் கம்பெனி அவரை எல்லாச் சிப்பாய்களுக்கும் தலைவராக ஆக்கியதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, அவர் கான்வாய் கொண்டு வருவதில் கில்லாடி என்பது. லாரன்ஸ் அவரைப் புகழ்ந்து எழுதிய இடத்தில், எப்போதும் முகாமுக்குத் தானியம் குறையாமல் பார்த்துக்கொண்டார் என்பதைத் தனியாகக் குறிப்பிடுகிறார். யூசுப் கானுக்கு வழி தெரியும், ஒற்றர்கள் உண்டு, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப வரமாட்டார், பெரும்பாலும் இரவில்தான் நடை.

1754 மே 12. இம்முறை தொண்டைமான் காட்டிலிருந்து அரிசி வர வேண்டும். கிரென்வில் செய்த தப்பை மறுபடி செய்யாமல், தொடர் வருவதற்கு முன்பே கேப்டன் காலியோ 120 ஐரோப்பியர், 500 சிப்பாய்கள், 2 பீரங்கியோடு விடியலுக்கு முன் கிளம்பி, வழியில் ஒரு ஏரிக்கரையில் காத்திருப்பதாக ஏற்பாடு. யூசுப் கான் முன்னால் குதிரையில் போனார். ஏரியை நெருங்கும்போது அவருடைய குதிரை கனைத்தது. இருட்டுக்குள்ளிருந்து பல குதிரைகள் பதிலுக்குக் கனைத்தன.

கரைக்குப் பின்னால் எதிரி. இவர்கள் போய் ஒளிய நினைத்த அதே இடத்தில் அவர்கள் ஏற்கெனவே ஒளிந்திருந்தார்கள். ஒரு பிரெஞ்சுக் குதிரைக்காரன் பதறிச் சுட்டும் விட்டான். யூசுப் கான் திரும்பி ஓடிவந்து சொன்னதும் காலியோ பின்வாங்கவில்லை. ஆட்களை மூன்றாகப் பிரித்து, இரண்டு பக்கமும் சிப்பாய்கள், நடுவில் ஐரோப்பியர் என்று உடனே அடித்தார். பதுங்கியிருந்தவர்கள் ஏரியை விட்டு ஓடினார்கள். அதற்கப்புறம் பகல் முழுக்கப் பெரிய சண்டை. முகாமிலிருந்து கேப்டன் போலியர் உதவிக்கு வந்தார், அவருக்கும் காலியோவுக்கும் காயம். சுற்றிலும் குதிரைகள். ஆனால் இம்முறை ஆட்கள் சிதறவில்லை, சதுரம் கட்டி நின்றார்கள், சதுரமாகவே நகர்ந்தார்கள். காய்ச்சலில் கிடந்த லாரன்ஸைத் திருச்சிக் கோட்டை வாசல் ஒன்றின் மேல் தூக்கிவைக்க, அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகள் காட்டுக்குள் திரும்பிப்போய் ஒதுங்கியிருந்தன. எதிரி முழுக்க இந்தச் சண்டையில் கவனமாக இருந்ததால் அரிசி அன்றிரவே பத்திரமாக வந்து சேர்ந்தது.

மூன்று மாத இடைவெளியில் ஒரே ஊர், ஒரே எதிரி, ஏறக்குறைய ஒரே மாதிரிப் படை. பிப்ரவரியில் போனது இன்னும் சிறந்த படை என்றுகூடச் சொல்லலாம். கிரெனடியர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், களத்தில் வரிசை கட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வண்டியோடு நடக்கும்போது என்ன செய்வது என்பது தனிப் பாடம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதை அமெரிக்கர்கள் 2003-ல் படித்தார்கள். ஈராக் போரின் முதல் வாரம், மார்ச் 23, 507-வது பராமரிப்பு கம்பெனி என்ற ஒரு பிரிவு வழி தவறி நாசிரியா நகரத்துக்குள் போய்விட்டது. 18 வண்டிகள், 33 பேர். மெக்கானிக், சமையல்காரர், எழுத்தர். சுடும்போது பல துப்பாக்கிகள் தூசியில் சிக்கிக்கொண்டன. அந்தக் கம்பெனியில் 11 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் சமையல்காரரும் கான்வாய்ச் சண்டை பழகியாக வேண்டும் என்ற நிலை வந்தது. வியட்நாமில் 1967-ல் லாரி டிரைவர்கள் தாங்களாகவே மரப்பலகையும் இரும்புத்தகடும் அடித்துத் துப்பாக்கி லாரி செய்துகொண்டதெல்லாம் அந்தப் படைக்கு மறந்தேபோயிருந்தது போல.

நம் நாட்டில் ராணுவத்துக்கு மிசோரமில் வைரங்டே பள்ளி 1970 முதல் இருக்கிறது. நக்சல் பகுதிக்கான போலீஸ்காரர்களுக்குச் சத்தீஸ்கரின் காங்கேரில் 2005-ல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். நடத்தியவர் வைரங்டேயிலிருந்து வந்த பிரிகேடியர் பொன்வார். அங்கே வலியுறுத்தப்படுவது வேடிக்கையாக இருக்கும்: முடிந்தவரை வண்டியில் ஏறாதே, நட. பஸ்தர் சாலைகளில் தாருக்கு அடியில் வெடி இருக்கும். அப்படியும் 2010 ஏப்ரல் 6-ல் தந்தேவாடாவில் 76 பேர் போனார்கள்.

சித்தப்பாவிடம் கூத்தைப்பார் கதையை முழுக்கச் சொன்னேன். கிரென்வில் ஆட்களைப் பரப்பினது தப்பு, கூட்டி நிறுத்தியிருக்கணும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாங்க கத்துக்கிட்டது நேர் எதிர்டா. வண்டிக்கு வண்டி தூரம் விடணும். ஒண்ணு வெடிச்சா ஒண்ணோட போவணும்."

"அப்போ அடி விழுந்தா?"

"நிக்கக் கூடாது. மிதிச்சு அந்த இடத்தத் தாண்டணும். தாண்ட முடியாதவன்தான் எறங்கி அடிக்கணும். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஆர்.ஓ.பி. காரன் காலையிலயே நடந்து ரோட்ட பார்த்துட்டிருப்பான். அவன் கிளியர் சொல்லாம வண்டி ஸ்டார்ட்டே ஆவாது."

ஆர்.ஓ.பி. என்றால் ரோடு ஓப்பனிங் பார்ட்டி. சாலையின் இருபுறமும் நடந்து, மதகு மதகாகக் குனிந்து பார்த்து, மேட்டில் ஆள் நிறுத்திவிட்டு வருகிறவர்கள். குதிரை கனைத்தபோது யூசுப் கான் செய்துகொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

கூடி நிற்பதா, விலகி நிற்பதா என்பது எதிரியின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்கும் நம்ம பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் படை, கூத்தைப்பாரில் சிதறினதற்கு நேர்மாறாக, ஒழுங்காகச் சதுரம் கட்டி நின்றது. வெடிமருந்து வண்டிகள் நடுவில். எதிரே ஹைதரும் திப்புவும். 26 வருடத்தில் ஹைதரிடம் பீரங்கியும் ராக்கெட்டும் சேர்ந்திருந்தன. மருந்து வண்டிகள் வெடித்தன, சதுரம் உள்ளிருந்தே கிழிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் பாக் சுவரில் அந்த வெடிப்பைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பார்க்காதவர்கள் மைசூர் போனால் பாருங்கள்.

2019 பிப்ரவரி 14 புல்வாமாவைப் பற்றிச் சித்தப்பாவிடம் நான் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார். 78 வண்டிகள், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஆட்கள், 40 பேர் சாவு. அதில் இரண்டு பேர் நம் தமிழ்நாடு. பனியால் சாலை பல நாள் மூடியிருந்து திறந்ததும் மொத்தமாகக் கிளம்பிய கான்வாய் அது. "எத்தினி வண்டின்னு பாரு. ஒரே தடவ ஏன்டா?" என்றார். முந்தைய எல்லாவற்றையும்விடப் பெரியதாகக் கிளம்பிய 1754 தொடர் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் மத்தியப் போலீஸ் படையின் எல்லாப் படிநிலையினருக்கும் ஸ்ரீநகருக்கு விமானத்தில் போக அனுமதி கொடுத்தார்கள். சில வாரங்கள் ஞாயிறும் புதனும் பொதுமக்கள் வண்டியையே நெடுஞ்சாலையில் விடாமல் நிறுத்தினார்கள். பாதுகாப்புக்காக ஊர்மக்களின் சாலையை மூடுவது எவ்வளவு தூரம் சரி என்பது வேறு விவாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மார்ச்சில் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போனபோது சித்தப்பாவைத் திருவெறும்பூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். எறும்பீஸ்வரர் கோயில் சின்ன மலைதான், படி ஏறினால் மூச்சு வாங்குவதற்குள் மேலே வந்துவிடலாம். சோழர் காலக் கோயில், கர்நாடகப் போரில் இரண்டு தரப்பும் இதைக் கோட்டையாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தஞ்சாவூர் ரோடு, ரயில் பாதை, பெல் புகைபோக்கி, கூத்தைப்பார் பக்கம் பச்சை வயல். பிப்ரவரி 1754-க்கு ஒரு கல்லும் கிடையாது.

சாமி கும்பிட்டுவிட்டுச் சித்தப்பா பிரகாரச் சுவரோரம் போய் நின்றார். ரோட்டைக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தடவை பார்த்தார்.

"வண்டிங்க எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

கையைக் காட்டினேன்.

"இங்க நாலு பேர நிறுத்தியிருந்தா போதுமேடா," என்றார்.